ஓபிஎஸ் ஸ்டுடியோ: பாத்திரக் கடை மாடியில் ஒரு மெய்நிகர் செய்தி அரங்கம்

எங்கள் உள்ளூர் கேபிள் சேனலின் செய்தி அரங்கம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. 12-க்கு 18 அடி அறை. ஒரு சுவரில் பச்சைத் துணி, எதிர்ச் சுவரை ஒட்டிப் பழைய பீரோ, நடுவே முக்காலியில் ஒரே ஒரு கேமரா. மாலை 7 மணிச் செய்தியைப் பார்ப்பவர்களுக்கோ வாசிப்பாளரின் பின்னால் உயரமான கண்ணாடிச் சுவரும், அதற்கு அப்பால் விளக்கேற்றிய கோபுரமும் தெரிகின்றன. சந்தா வசூலுக்குப் போன பையனிடம் ஒரு பெரியவர், "புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டீர்களே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று குறைபட்டுக்கொண்டாராம். அந்தக் கட்டடத்தை எங்களுக்குக் கட்டிக் கொடுத்தது ஓபிஎஸ் ஸ்டுடியோ என்னும் இலவச மென்பொருள். வாரத்துக்கு 6 நாள் வீதம் 11 மாதங்களாக அதன் முன் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், சிறிய சேனல் நடத்துவோருக்கும் அதில் வேலை பார்ப்போருக்கும் பயன்படும் என்று நினைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஓபிஎஸ் 2012-இல் வெளிவந்தது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் நேரலையாகக் காட்டுபவர்களுக்காகப் பிறந்த மென்பொருள் அது. அந்தப் பிறப்பின் அடையாளம் இன்றும் அதன் முகத்தில் தெரிகிறது. மூலநிரல் திறந்தது, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் வருவது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது. உரிமக் கட்டணம், ஆண்டுச் சந்தா, படத்தின் மூலையில் விளம்பர முத்திரை என்று எதுவும் கிடையாது. செய்தி அறைக்கு வேண்டிய அடிப்படை வேலைகள் எல்லாம் இதில் உள்ளன: காட்சிகளை முன்கூட்டியே அடுக்கிவைத்தல், இடப்பக்கத்தில் அடுத்து வரப்போவதையும் வலப்பக்கத்தில் இப்போது ஒளிபரப்பாவதையும் பார்த்துக்கொண்டே மாற்றுதல், ஒலியைத் தனித்தனியாக ஏற்றி இறக்குதல், பதிவு செய்துகொண்டே நேரலையும் அனுப்புதல். இவற்றுக்கு முன்பு ஒரு மேசை நிறையப் பெட்டிகள் வேண்டியிருந்தன.

மெய்நிகர் அரங்கம் என்பது இதில் ஓர் அடுக்கு வேலைதான். அடியில் அரங்கத்தின் படம். அதன்மேல், பச்சை நிறம் நீக்கப்பட்ட வாசிப்பாளரின் கேமராப் படம். அதற்கும் மேல் மேசையின் படம், பின்னணி ஒளிபுகும் வடிவில். எல்லாவற்றுக்கும் மேலே சேனல் முத்திரையும், திரையின் அடியில் ஓடும் செய்தி வரியான ஸ்க்ரோலிங்கும். பச்சையை நீக்கும் குரோமா கீ வடிகட்டியில் முக்கியமாக மூன்று அளவுகள் உள்ளன. எவ்வளவு தூரம் பச்சையைப் பச்சையாகக் கொள்வது என்பதற்கு 400, ஓரத்தை எவ்வளவு மென்மையாக்குவது என்பதற்கு 80, உடலில் படியும் பச்சைச் சாயலை எவ்வளவு குறைப்பது என்பதற்கு 100 என்று தொடக்க மதிப்புகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. புதிதாக வருபவர்கள் முதல் வாரம் முழுவதும் இந்த மூன்றையும் திருகிக்கொண்டே இருப்பார்கள், நானும் திருகினேன். முதல் அளவைக் கூட்டினால் துணியின் சுருக்கங்கள் மறையும், கூடவே வாசிப்பாளரின் காதோரமும் கரையும். குறைத்தால் காது திரும்பும், சுருக்கங்களும் திரும்பும். இரண்டு வாரம் கழித்துத்தான், கோளாறு திரையில் இல்லை, சுவரில் இருக்கிறது என்று புரிந்தது. துணியை இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, அதற்கென்று தனியாக இரண்டு விளக்குகளைப் பக்கவாட்டில் வைத்து, வாசிப்பாளரின் நாற்காலியைத் துணியிலிருந்து 6 அடி முன்னால் தள்ளிய பிறகு, தொடக்க மதிப்புகளையே கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே திருத்தும் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையை நிறுத்திவைப்பதும், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 50-இல் ஒரு பங்கு நொடியில் நிறுத்துவதும் இதோடு சேர்ந்தவை. இல்லாவிட்டால் விளக்கு துடிப்பது துணியில் அலையாக ஓடும். வடிகட்டி ஒவ்வொரு நொடியும் வேறு பச்சையைப் பார்க்கும்.

சினிமாக்காரர்கள் கிரீன் மேட் என்று சொல்லும் இந்தத் துணியில் நமக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்காக மேசையில் பானை வைத்து, இருபுறமும் கரும்பு நட்டு, மஞ்சள் கொத்து கட்டி, முன்னால் தலைவாழை இலையும் போட்டோம். திரையில் பார்த்தால் பானை மட்டும் அந்தரத்தில் இருக்கிறது. கரும்பின் தண்டு தெரிகிறது, தோகை இல்லை; மஞ்சள் கிழங்கு தெரிகிறது, இலை இல்லை; வாழையிலை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் தெரிகிறது. தொகுப்பாளர் கட்டிவந்த சேலையின் கிளிப்பச்சைக் கரை வழியாகக் கோபுரம் தெரிந்ததைச் சொல்லவே வேண்டாம். அன்றே ஜவுளிக் கடையில் நீலத் துணி வாங்கித் தைத்தோம். நீலத்தில் எடுப்பதற்கு விளக்கு கூடுதலாக வேண்டும். ஒளியைப் படமாக்கும் கேமரா உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால்வாசி மட்டுமே நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால், நீலத்தில் இரைச்சல், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் மாசு, எளிதில் ஏறிவிடும். ஆனாலும் மாவிலைத் தோரணமும் வெற்றிலைத் தட்டும் இல்லாமல் ஒரு விழா நிகழ்ச்சியை நடத்த முடியாது என்பதால், எங்களிடம் இப்போது இரண்டு துணிகள் இருக்கின்றன. ஓபிஎஸ்ஸில் நிறத்தைப் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற்றுவது ஒரு சொடுக்கு வேலைதான். துணியைக் கழற்றி மாட்டுவதற்கு 20 நிமிடம் ஆகிறது.

தலைமுடி ஓரம் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. அதற்குக் காரணம் மென்பொருளும் அல்ல, துணியும் அல்ல. கேமராவிலிருந்து கணினிக்குப் படத்தைக் கொண்டுவரும் யுஎஸ்பி கேப்சர் குச்சியை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், "முழு எச்டி, ஒன்றும் இழப்பு இருக்காது" என்ற உறுதிமொழியோடு வாங்கியிருந்தோம். அது படத்தைச் சுருக்கி, நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல் என்ற கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது; நிறத்தை மட்டுமே நம்பி வெட்டுகிற வடிகட்டிக்கு, முடியிழையும் மல்லிகைச் சரமும் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கணினிக்குள் பொருத்தும் கேப்சர் அட்டை ஒன்றை வாங்கி, நிறத் தகவல் இரண்டு புள்ளிக்கு ஒன்றாகக் கிடைத்த அன்று, முடி முடியாகத் தெரிந்தது. இலவச மென்பொருளை நம்பி இறங்குபவர்கள், அதில் மிச்சமாகும் பணத்தை முதலில் விளக்கிலும் அதற்கு அடுத்து இந்த அட்டையிலும் போட வேண்டும். கணினியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வகை வரைகலை அட்டை இருந்தால், துணியே இல்லாமல் பின்னணியை நீக்கும் வசதியும் ஓபிஎஸ்ஸில் உண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் வாசிப்பாளர் தாளைப் புரட்டும்போது தாளின் மூலை காணாமல் போய்த் திரும்பி வருவதை, செய்தி அரங்கத்தில் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது, இந்த மென்பொருளால் எங்கே முடியாது என்பது. ஓபிஎஸ்ஸுக்குப் பின்னணி ஒரு தட்டையான படம். அதற்குக் கேமரா எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாது. எனவே கேமராவை ஓர் அங்குலம் திருப்பினாலும் வாசிப்பாளர் மேசையை விட்டு வழுக்கிச் செல்வார், அரங்கம் அசையாமல் நிற்கும். பெரிய சேனல்களில் இதற்கென்றே கேமராவின் இடம், திருப்பம், சாய்வு, லென்ஸின் அண்மை எல்லாவற்றையும் நொடிக்குப் பலமுறை அளந்து, பின்னணியை வரையும் கணினிக்கு அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. 1990-களில் பிபிசியின் ஆய்வுப் பிரிவு, அரங்கத்தின் உட்கூரையில் வட்டக் குறியீடுகளை ஒட்டி, கேமராவின் மேல் இருக்கும் இன்னொரு சிறு கேமரா அவற்றைப் பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடும் ஃப்ரீ-டி என்ற முறையை உருவாக்கியது. அந்தப் பெயரில் வழங்கும் தரவு வடிவத்தை இன்றும் பல கேமராக்கள் பேசுகின்றன. 2018 செப்டம்பரில் ஃப்ளாரன்ஸ் புயலின்போது அமெரிக்காவின் வெதர் சேனல், வானிலையாளரைச் சுற்றி வெள்ளம் 3 அடி, 6 அடி, 9 அடி என்று ஏறுவதை கணினி விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளின் துணையோடு காட்டியது. தலைக்கு மேல் தண்ணீர் என்றால் என்ன என்பதைப் பார்ப்பவர் உடம்பில் உணர்த்திய காட்சி அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அப்படி ஒன்று செய்ய மாட்டோமா என்று எங்களுக்கும் ஆசைதான். ஓபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு அது நடக்காது.

கேமராவை அசைக்காமல் வைத்துக்கொண்டால் மட்டும் ஏமாற்று முழுமையாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அரங்கப் படத்தில் தொடுவானம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் கேமராவின் லென்ஸ் இருக்க வேண்டும். எங்கள் முதல் பின்னணி, நின்றபடி பார்க்கும் ஒருவரின் கண்மட்டத்தில் வரையப்பட்டது. கேமராவோ உட்கார்ந்திருப்பவரின் மார்புக்கு நேராக இருந்தது. ஏதோ சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாசிப்பாளர் சற்று முன்புறம் சரிந்து விழப்போவதைப் போன்ற தோற்றம். லென்ஸைத் தரையிலிருந்து 4 அடிக்கு ஏற்றி, அதற்கேற்பப் பின்னணியையும் மாற்றி வரையவைத்தோம். பின்னணியைச் சற்றே மங்கலாக்கினோம். மேசைப் படத்தின் மேற்பரப்பில் வாசிப்பாளரின் கைகளுக்குக் கீழே மெல்லிய நிழல் ஒன்றைத் தீட்டிச் சேர்த்தோம். கை அசைந்தாலும் நிழல் அசையாது. ஆனால் இதுவரை யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

தமிழ்ச் சேனலுக்கு இந்த மென்பொருள் பொருந்துமா என்பதை முடிவு செய்வது கடைசியில் எழுத்துதான். காட்சியில் அடுக்கும் ஒவ்வொன்றையும் ஓபிஎஸ்ஸில் 'மூலம்' (சோர்ஸ்) என்பார்கள். எழுத்தைக் காட்டும் 'எழுத்து மூலம்', விண்டோஸில் ஜிடிஐ பிளஸ் என்ற முறையில் வரைகிறது. அதில் யூனிகோட் தமிழ் பிழையின்றி வருகிறது. மேக்கிலும் லினக்ஸிலும் கிடைக்கும் ஃப்ரீடைப் முறையோ, எழுத்துக்களைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாமல், தட்டச்சில் வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கெ' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'மு' என்று அடித்தால் மகரம் ஒருபுறமும் உகரக் குறி ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும். செலவைக் குறைக்க லினக்ஸில் போடலாம் என்று முதலில் நினைத்த நான், "பேருந்து" என்ற சொல்லைத் திரையில் பார்த்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். லினக்ஸில்தான் செய்தாக வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது: இணையப் பக்கத்தை ஓர் அடுக்காகக் காட்டும் 'உலாவி மூலத்தின்' வழியே எழுத்தைக் காட்டலாம். ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே குரோமியம் உலாவி அடங்கியிருக்கிறது. அது தமிழை முறையாக வடிவமைக்கும். ஒரு சிறிய எச்டிஎம்எல் பக்கம் எழுதத் தெரிந்தால், நோட்டோ சான்ஸ் தமிழோ முக்தா மலரோ எந்த எழுத்துருவையும் வைத்து, பெயர்ப்பட்டை, தலைப்புப்பட்டை, மழை அளவுப் பட்டியல் என்று எல்லாவற்றையும் வரைந்துகொள்ளலாம். நாங்கள் விண்டோஸிலேயே இருந்தாலும், பட்டைகளை எல்லாம் இப்போது இந்த வழியில்தான் செய்கிறோம்.

ஸ்க்ரோலிங்குக்கு ஓபிஎஸ் தரும் எளிய வழி, ஒரு உரைக்கோப்பிலிருந்து வரியை எடுத்து ஓடவிடுவது. செய்தியாளர் கீழ் அறையில் கோப்பைத் திருத்திச் சேமித்தால் மேலே திரையில் தானாக மாறும். மிகவும் நல்ல வசதி. இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, எங்கள் தட்டச்சர் 15 ஆண்டுகளாக, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர். அந்தக் கோப்பை அப்படியே கொடுத்தால் திரையில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து ஓடும். விசைப்பலகைப் பழக்கத்தை மாற்றாமலேயே யூனிகோடில் அடிக்க உதவும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மற்றொன்று, எழுத்து மூலத்தின் அகலம் 16,384 பிக்சலைத் தாண்ட முடியாது. தேர்த் திருவிழா நாளில் 30 அறிவிப்புகளை ஒரே வரியில் சேர்த்துவிட்டு, பாதிக்குமேல் ஏன் வரவில்லை என்று தேடியபோதுதான் இது தெரியவந்தது. நீளமான ஸ்க்ரோலிங்கையும் உலாவி மூலத்துக்கே மாற்றிவிடுவது நல்லது.

வெளியூரிலிருந்து பேசும் விருந்தினருக்கு விடிஓ.நிஞ்சா என்ற இணையதளத்தின் இணைப்பை அனுப்பினால் போதும். அவருடைய கைப்பேசிப் படம் உலாவி மூலமாக நேரே அரங்கத்துக்குள் வந்துவிடும். 2020-இல் வந்த 26-ஆம் பதிப்பிலிருந்து ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே மெய்நிகர் கேமரா இருப்பதால், நம் வெளியீட்டைக் காணொளி அழைப்பு வழியே விருந்தினருக்குக் காட்டுவதும் எளிது. அவருடைய குரல் அவருக்கே திரும்பிக் கேட்காதபடி ஒலியைப் பிரிப்பதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சேனல்களைச் சேர்த்துக் கேபிளில் வீடுகளுக்கு அனுப்பும் ஹெட்எண்ட் நிலையத்துக்குப் படத்தை அனுப்புவதில் என் சொந்த அறியாமையால் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இணையத்தில் தொலைந்துபோகும் துண்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் எஸ்ஆர்டி என்ற முறையை ஓபிஎஸ் ஆதரிக்கிறது. அதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று நாம் ஓர் எண் கொடுக்க வேண்டும். மற்றக் கருவிகளில் எல்லாம் அந்த எண் மில்லி நொடிக் கணக்கில் இருப்பதால், பழக்கத்தில் 200 என்று போட்டேன். ஓபிஎஸ்ஸின் எஸ்ஆர்டி முகவரியில் அது மைக்ரோ நொடி. அதாவது, தொலைந்த துண்டு திரும்பி வர நான் கொடுத்த அவகாசம் ஒரு மில்லி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று நாள் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. இணைய இணைப்பைக் குறை சொன்னேன், கம்பியை மாற்றச் சொன்னேன், ஹெட்எண்ட் அண்ணனிடம் கோபித்துக்கொண்டேன். பின்னால் மூன்று சுழியங்களைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அண்ணன் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஹெட்எண்டிலிருந்து எங்கள் சேனல் வேறு பல சேனல்களோடு ஒரே அலைவரிசையில் கட்டப்பட்டு, பார்ப்பவரின் செட் டாப் பாக்ஸில் ஒரு எண்ணாகத் தெரிகிறது. அந்த எண்ணுக்கும் அலைவரிசைக்கும் தொடர்பில்லை, அட்டவணையில் எழுதி அனுப்பப்படும் எண் அது. ஒரு வகையில் எங்கள் முகவரியும் மெய்நிகர்தான்.

பதிவுக்கு ஒரு குறிப்பு: எம்கேவி வடிவத்தில் பதிவு செய்ய வேண்டும். சாதாரண எம்பி4 கோப்பு முடிவடையும் முன் மின்சாரம் போனால் முழு நிகழ்ச்சியும் திறக்காமல் போய்விடும். எம்கேவியில் போன நொடிவரை மிஞ்சும். பதிவு முடிந்ததும் ஓபிஎஸ்ஸே அதை எம்பி4-ஆக மாற்றித் தரும். யுபிஎஸ் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போது உயிரை விடும் என்று அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

விண்டோஸில் மட்டும் ஓடும், பணம் கொடுத்து வாங்க வேண்டிய விமிக்ஸ் என்ற இதே வகை மென்பொருளை 60 நாள் இலவசக் காலத்தில் போட்டுப் பார்த்தேன். ஆயத்த மெய்நிகர் அரங்குகள் அதில் உள்ளடங்கியே வருகின்றன. வாசிப்பாளரை அருகிலும் தூரத்திலுமாக, பல கேமராக்கள் இருப்பதுபோலக் காட்டும் வேலையை அது சுலபமாகச் செய்கிறது. நாள்தோறும் மூன்று, நான்கு கேமராக்களோடு விவாத நிகழ்ச்சி நடத்தும் சேனலுக்கு அந்தப் பணம் தகும். ஒரு கேமராவும் ஒரு வாசிப்பாளரும் உள்ள எங்களுக்கு ஓபிஎஸ் செய்யாத எதையும் அது செய்துவிடவில்லை.

ஆனால் நாள் முழுவதும் சேனலை ஓட்டும் வேலையை ஓபிஎஸ்ஸிடம் ஒப்படைக்காதீர்கள். அது அரங்கத்துக்கான கருவி, நிலையத்துக்கானது அல்ல. காலை 6.00 மணிக்குச் சுப்ரபாதம், 6.30-க்கு ராசிபலன், இடையே எந்தக் கடையின் விளம்பரம் எத்தனை முறை என்று கடிகாரத்தோடு ஓடும் அட்டவணை அதனுள் இல்லை. எந்த விளம்பரம் எப்போது ஓடியது என்ற சான்றை அது எழுதிவைப்பதும் இல்லை. விளம்பரம் கொடுத்தவர் கேட்கும்போது காட்டுவதற்கு நம் கையில் எதுவும் இருக்காது. கூடுதல் நீட்சிகளைப் போட்டு ஒப்பேற்ற முயன்ற இரண்டு மாதத்தில், ஒரு நள்ளிரவு முழுக்க ஒரே நகைக்கடை விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. தூங்கியது மென்பொருளா நானா என்ற விசாரணையில் தீர்ப்பு எனக்குப் பாதகமாகவே வந்தது. இதே இலவச வகையில், சுவீடனின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்விடி உருவாக்கி 2006 முதல் தன் ஒளிபரப்பில் பயன்படுத்திவரும் காஸ்பர்சிஜி என்ற மென்பொருள் இருக்கிறது. அமைப்பதற்குச் சற்றுக் கடினம், முகம் அவ்வளவு அழகில்லை. ஆனால் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது.

எனவே இப்போது எங்கள் அறையில் இரண்டு கணினிகள். காஸ்பர்சிஜி உள்ளது பீரோவுக்குப் பக்கத்தில், யாரும் தொடக் கூடாது என்று தாள் ஒட்டிய நிலையில், நாள் முழுவதும் ஓடுகிறது. ஓபிஎஸ் உள்ளதை மாலை 6 மணிக்குத் திறக்கிறேன். விளக்குகளைப் போட்டு, வாசிப்பாளரை உட்காரவைத்து, அவருடைய சேலை நிறத்தை ஒருமுறை பார்த்து, காலர் மைக்கைச் சரிபார்த்து, கோபுரத்தைப் பின்னால் எழுப்புகிறேன். 7.30-க்கு விளக்கை அணைத்ததும் கோபுரம் போய்விடுகிறது, கீழே பாத்திரக் கடையில் ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்கிறது.